படகில்லாத கடல்

மல்லாவியில் அண்ணா வீட்டு முன்னறை. ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயில் யன்னல் வழியே வந்து சீமெந்து நிலத்தில் சதுரமாகக் கிடந்தது. பழைய தடித்த டிவிக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையில் அண்ணா இருந்தார். கையில் டிவி கேமின் ஜோய்ஸ்டிக். நான் வவுனியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, விளையாட்டுக் கசற்றை டிவி கேம் பெட்டியில் செருகி, பொத்தானை அமத்திவிட்டுத் தேத்தண்ணீர் போடக் குசினிக்குள் போனேன்.

குசினி கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. சீனி டின்னுக்கு ஒரு ரப்பர் பட்டி, தேயிலை டின்னுக்கு இரண்டு, உப்புக்கு ஒன்றுமில்லை. கோப்பைகள் கைப்பிடியை ஒரே பக்கம் திருப்பிக்கொண்டு நின்றன. கலியாணம் கட்டாத மனிதர் இவ்வளவு துப்புரவாக வைத்திருக்கிறாரே என்று மெச்சிக்கொண்டேன்.

முன்னறையிலிருந்து விளையாட்டின் சத்தம் வந்தது. தூக்கத்தில் யாரோ முனகுவது மாதிரி ஒரு ரீங்காரம். இடையிடையே ஒரு சின்ன மணி. மணி கேட்டால் ஒரு சொறிமுட்டை, அதுதான் ஜெல்லி மீன், அணைந்தது என்று அர்த்தம். அன்று மணி அடிக்கடி கேட்டது. மனுசன் நல்லாய்த்தான் விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

இரண்டு கோப்பையோடும் வந்து வாசலில் நின்று டிவியைப் பார்த்தேன்.

கடல் இருந்தது. திரையின் மேல்பக்கம் ஆழ்கடல், கீழ்ப்பக்கம் கரை. ஆழத்திலிருந்து சொறிமுட்டைகள் குடை விரித்து, நூல்களைத் தொங்கவிட்டபடி கரையை நோக்கி மிதந்து வந்தன. கரையோரம் வெள்ளை நுரை. அந்த நுரையில்தான் அண்ணாவின் படகு இடமும் வலமும் ஓட வேண்டும். படகைக் காணவில்லை.

வெறும் நுரையிலிருந்து வெளிச்சம் புறப்பட்டுப் போய்ச் சொறிமுட்டைகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தது. அண்ணா நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. என் காலடி கேட்டதும் முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

"சுமதி, இந்த முறை நல்லா வந்திருக்கு. படகு நல்ல வடிவு."

வாசிக்கத் தெரியாத பெயர்

போன கிழமை என் முதல் கணினியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் கேட்டார். "வரவுப் பதிவு, சம்பளப் பதிவு எண்டு உருப்படியான புரோகிராம் எழுதுறனீங்கள். ஏன் செத்துப்போன விளையாட்டோட மினக்கெடுறீங்கள்?" சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் நீளம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த விளையாட்டுக்குப் பெயர் இல்லை. இருந்தது, ஆனால் வாசிக்க முடியாத எழுத்தில் இருந்தது. வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த ஒரு கடையில் ஆள் உயரத்துக்கு இரண்டு இயந்திரங்கள் நின்றன. எங்கிருந்து வந்தன, எத்தனை கை மாறி வந்தன என்று யாருக்கும் தெரியாது. ஒன்று கார் ஓட்டம். மற்றதை எல்லோரும் 'படகு கேம்' என்றார்கள்.

அண்ணா அப்போது அந்த ஊரில் ஒரு சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் வேலை. போரில் பாதை பூட்டி, ஓமந்தையைத் தாண்டி வீட்டுக்கு வர முடியாத நாட்கள் அவை. பாதை எப்போது திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. வேலை முடிந்ததும் போக வேறு இடம் இல்லாமல் அங்கே போய் நிற்பாராம். ஒரு குற்றிக்காசு போட்டால் மூன்று படகு. அண்ணா ஒரே படகில் அரை மணித்தியாலம் நிற்பார். கடைக்காரர் அதற்காகவே அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்.

இதெல்லாம் அவர் சொன்னது. நான் அந்த இயந்திரத்தைக் கண்டதில்லை. பாதை திறந்து அவர் வீடு வந்தபோது எனக்குக் கொண்டுவந்தது அந்த விளையாட்டை மட்டும்தான். வாயால் கொண்டுவந்தார். முதல் வரிசை நேராக வரும், இரண்டாவது வளைந்து வரும், மூன்றாவது வரிசையில் ஒன்று மட்டும் பின்னால் தங்கி நிற்கும், அதை நம்பக்கூடாது. சத்தத்தோடு சொல்லுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். பிறகு நித்திரையிலும் சொறிமுட்டைகள் வரும். பயமாக இருக்காது. மெதுவாக, வெளிச்சமாக வரும்.

எட்டுக்கு மேல் இடமில்லை

அண்ணாவின் கண் ஓரங்களிலிருந்து இருட்டத் தொடங்கியது. முதலில் வயல் வரம்பில் தடுக்கி விழுந்தார். பிறகு சைக்கிளை விட்டார். யாழ்ப்பாணத்தில் பெரிய டொக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, நடுவில் மிச்சமிருக்கிற வெளிச்சமும் மெல்ல மெல்லப் போகும், மருந்து இல்லை என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். இரண்டு வருசம் இருக்கலாம், குறையலாம் என்றார். "கிடுகு வேலி ஓட்டைக்குள்ளால பாக்கிற மாதிரி இருக்கு," என்று அண்ணா சொன்னார். முறைப்பாடு மாதிரிச் சொல்லவில்லை.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது முடிவெடுத்தேன். அந்த ஓட்டை மூடுவதற்குள் அண்ணாவுக்குப் படகு கேமைத் திரும்பக் காட்ட வேண்டும். அவருடைய சொந்த வீட்டில், அவருடைய டிவியில். எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பெரிய இயந்திரத்து விளையாட்டைச் சின்னப் பெட்டிக்குள் இறக்குவது லேசான வேலை இல்லை. அந்தக் காலத்தில் பெரிய கம்பனிகள் செய்தபோதே பாதி விளையாட்டு வழியில் உதிர்ந்துபோகும். நான் எடுத்தது எல்லா வீட்டிலும் ஒருகாலம் கிடந்த, இப்போது அலுமாரிக்கு மேல் தூசி பிடிக்கிற டிவி கேம். அதன் நினைவகத்துக்குள் நீங்கள் இப்போது வாசிக்கிற இந்தக் கட்டுரைகூட அடங்காது.

மூல விளையாட்டின் நிரல் எனக்குக் கிடைக்கவில்லை. எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் அதே இயந்திரத்தில் விளையாடுவதைப் படம்பிடித்து இணையத்தில் போட்டிருந்தார். அதை ஒவ்வொரு சட்டமாக, பிரேம் பிரேமாக, நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதினேன். இயந்திரத்தின் திரை நெடுப்பம், டிவி அகலம். ஆகவே கடலைக் கட்டையாக்கினேன். எட்டு வரிசைச் சொறிமுட்டையை ஐந்தாகக் குறைத்தேன். ஒரு உருவத்துக்கு மூன்று நிறம்தான் என்பதால் அவற்றின் ஊதாக் கரை போயிற்று. ஒவ்வொன்றையும் வெட்டும்போது அண்ணாவிடம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஒன்றுக்கு மட்டும் விடவில்லை. மூலத்தில் சொறிமுட்டை இடப்பக்கம் இருந்தால் ரீங்காரம் தாழ்ந்து கேட்கும், வலப்பக்கம் என்றால் உயர்ந்து கேட்கும். இடம் போதாமல் அதை எடுத்துவிடலாம் என்றேன்.

"படத்தில எவ்வளவும் வெட்டு. சத்தத்தில கைவைக்காதை," என்றார்.

"அண்ணா, ஆர் இப்ப சத்தத்தைக் கேட்டு விளையாடுறது?"

"நான் சொல்லுறன். கைவைக்காதை."

பழைய ஆட்களுக்கு எல்லாம் அச்சொட்டாக இருக்க வேண்டும் என்று எரிச்சல்பட்டுக்கொண்டே வைத்தேன்.

ஆனால் பெரிய தலையிடி வேறு. இந்தப் பெட்டியால் ஒரு கிடைக்கோட்டில் எட்டு அசையும் உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. ஒன்பதாவதைப் பேசாமல் விழுங்கிவிடும். கரையில் என் நுரை மட்டும் எட்டுத் துண்டு. அதற்கு மேல் படகு, கிட்ட வந்துவிட்ட சொறிமுட்டைகள். ஒவ்வொரு நொடியும் யாரோ ஒருவருக்கு இடம் இல்லை.

நுரையை எடுத்துவிட்டிருக்கலாம். ஆனால் அந்த நுரையைப் பற்றித்தான் அண்ணா அந்தக் காலத்தில் அதிகம் சொல்லியிருந்தார். கடலில்லாத ஊரில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆறுதலாக இருந்ததாம்.

முறைத் தண்ணீர்

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து மல்லாவிப் பக்கம் ஒரு குளத்துக்குக் கீழே காணி கிடைத்து வந்து குடியேறியது. தோட்டத்துக்குக் கிணற்றிலிருந்து இறைத்த ஆட்கள், வாய்க்கால் தண்ணீருக்குப் பழக ஒரு தலைமுறை எடுத்தது. மழை குறைந்த சிறுபோகத்தில் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காணாது. அதனால் முறை. இன்று இந்த வயலுக்கு இத்தனை மணித்தியாலம், நாளை அடுத்ததற்கு. வாய்க்கால் சண்டையில் பேச்சுவார்த்தை இல்லாமல் போன சம்பந்திகளை எனக்குத் தெரியும்.

கண் கெடும் வரைக்கும் எங்கள் வாய்க்காலுக்கு முறை பிரித்தவர் அண்ணா. ஒரு கொப்பித் தாளில் கட்டம் கீறி எழுதுவார். அந்த வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு. முறை பிரிக்கிற ஆள் எந்தச் சுற்றிலும் கடைசியாகத்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். எல்லோரும் எடுத்து மிஞ்சினால் அவருக்கு. மிஞ்சாவிட்டால் இல்லை. அம்மா இதற்காக அவரோடு எத்தனையோ தரம் மல்லுக்கட்டியிருக்கிறா. "ஊருக்கெல்லாம் பாய்ச்சிப்போட்டு எங்கட வயல் வெடிச்சுக் கிடக்கு, உனக்கு வெக்கமில்லையோ?" அண்ணா சிரித்துவிட்டு வெளியே போய்விடுவார்.

எட்டு உருவச் சிக்கலுக்கும் வழி அதுதான். எல்லோரையும் ஒரே நேரத்தில் காட்டாமல், முறை வைத்துக் காட்ட வேண்டும். இந்தச் சட்டத்தில் இவர்கள், அடுத்த சட்டத்தில் அவர்கள். ஒரு நொடிக்கு அறுபது சட்டம் ஓடுவதால் உருவங்கள் கொஞ்சம் மினுங்கும், ஆனால் யாரும் முழுதாக மறையமாட்டார்கள். உலகமெல்லாம் இந்த வழியைத்தான் கையாண்டார்கள். நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் உலகத்தில் வேறு யாரும் செய்யாத ஒரு பிழையை நான் செய்தேன்.

அந்த ஞாயிறு பஸ்ஸில் ஓமந்தை தாண்டியதும் மடியில் கணினியை விரித்து முறையைத் திருத்தினேன். யன்னல் காற்று, பாதி நித்திரை. பாதையோரப் பாலை மரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. மனதில் அண்ணாவின் கொப்பித் தாள். நுரைகளை எழுதினேன், சொறிமுட்டைகளை எழுதினேன், அவற்றைச் சுற்றிவிட்டேன். படகை எல்லாச் சுற்றிலும் கடைசியில் வைத்தேன். கை தானாக எழுதியது. படகுதானே விளையாடுகிறவர், விளையாடுகிறவர் அண்ணா, அண்ணா கடைசியாகத்தான் எடுப்பார்.

எந்த ஊர்ப் புரோகிராமரும் படகைத்தான் முதலில் வைப்பார். யார் மறைந்தாலும் விளையாடுகிறவர் மறையக்கூடாது. அது அரிவரிப் பாடம்.

என் கணினியில் அந்தப் பெட்டியைப் போல இயங்கும் செயலி ஒன்று இருக்கிறது. அதில் எட்டு என்ற கட்டுப்பாட்டை நீக்கிவைக்கலாம். மினுங்கல் பார்த்துக் கண் வலித்த ஒரு நாள் நான் நீக்கியிருந்தேன். திரும்பப் போட மறந்துபோனேன். ஆகவே பஸ்ஸில் படகு அழகாக ஓடியது. மாங்குளத்தில் வளையும்போது கசற்றில் ஏற்றி முடித்துவிட்டேன்.

அண்ணா வீட்டுப் பெட்டிக்கு அந்தச் சலுகை தெரியாது. நுரை எட்டையும் காட்டியது. கடைசியில் நின்ற படகுக்கு ஒரு சட்டத்திலும் இடம் மிஞ்சவில்லை.

என்ன நிறம்

இரண்டு கோப்பையோடும் வாசலில் நின்ற அந்த இடத்துக்கு வருகிறேன்.

முதலில் என் பிழைதான் எனக்குத் தெரிந்தது. சீ, எவ்வளவு மடைத்தனம் என்று நினைத்தேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குப் பிறகுதான் அண்ணா சொன்ன வார்த்தை உள்ளே போய் இறங்கியது. படகு நல்ல வடிவு.

கோப்பைகளை நிலத்தில் வைத்தேன்.

"அண்ணா, படகு என்ன நிறம்?"

மணிச் சத்தம் ஒரு தரம் கேட்டது. பிறகு ரீங்காரம் மட்டும்.

"நீ போட்ட நிறம்தான்," என்றார்.

"சொல்லுங்கோ. என்ன நிறம்?"

அண்ணா ஜோய்ஸ்டிக்கை மடியில் வைத்தார். சொறிமுட்டைகள் ஒவ்வொன்றாகக் கரை வந்து சேர்ந்தன. திரை ஒருமுறை வெளுத்து, திரும்ப முதல் வரிசையில் தொடங்கியது.

"படகு இல்லை அண்ணா. நான் பிழை விட்டிட்டன். திரையில படகே இல்லை."

"இல்லையோ," என்றார். "அப்ப நான் எங்க நிண்டனான்?"

"நிண்ட இடத்திலதான் நிண்டனீங்கள். தெரியேல்லை, அவ்வளவுதான்."

அதைக் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்போதிருந்து என்று கேட்டேன். பொங்கலுக்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை என்றார். அப்போது ஆவணி. ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் நான் ஞாயிறு தவறாமல் வந்து, நீலம் கூடிப்போச்சா, நுரை போதுமா என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறேன்.

"அப்ப எப்பிடி விளையாடினனீங்கள்?"

"கேட்டுத்தான். இடப்பக்கத்தில இருந்தால் கீழ்ச் சுருதி, வலப்பக்கம் மேல். படகு திரை ஓரத்தில முட்டினால் டொக் எண்டும். அதில இருந்து எண்ணிறது. பழகிப்போச்சு."

அடுத்த வீட்டுப் பார்வதியக்கா மத்தியானச் சாப்பாட்டோடு வந்தா. மலைநாட்டிலிருந்து அந்தக் காலத்தில் இடம்பெயர்ந்து வந்து இங்கேயே காணி திருத்திய குடும்பம். அண்ணாவுக்குச் சமைத்துக் கொடுப்பது அவதான். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டா. என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய்ச் சொன்னா.

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. நான்தான் டின்னுக்கெல்லாம் ரப்பர் போட்டுக் குடுத்தேன். ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

எனக்குக் கோபம்தான் வந்தது. பார்வதியக்காவிலும் வந்தது, அண்ணாவிலும் வந்தது. துப்புரவு என்று மெச்சிய என்னில்தான் அதிகமாக வந்தது. திரும்ப முன்னறைக்குப் போனேன். குரல் உயர்ந்துவிட்டது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் என்ன பிறத்தியோ?"

"நீ எனக்குக் காட்டத்தானே இதைச் செய்யிறாய். எனக்குத் தெரியேல்லை எண்டு சொன்னால் நிப்பாட்டிப்போடுவாய்."

"விளையாட்டை நிப்பாட்டினால் என்ன அண்ணா? கண்ணை விடவோ விளையாட்டுப் பெரிசு?"

"விளையாட்டை இல்லை," என்றார். "வாறதை."

முதல் பஸ்

அம்மா போன பிறகு, இந்த விளையாட்டைச் செய்யத் தொடங்கும் வரைக்கும், நான் மல்லாவிக்கு வருசத்தில் இரண்டு தரம்தான் வந்தேன். திவசத்துக்கு ஒரு தரம், பொங்கலுக்கு ஒரு தரம். வேலை, வீடு, பிள்ளைகளின் ரியூஷன் என்று காரணம் எப்போதும் கையில் இருந்தது. அண்ணா ஒரு நாளும் குறை சொன்னதில்லை. குறை சொல்லாதவர்களை மறப்பது எவ்வளவு லேசு என்று அன்று எனக்கு விளங்கியது. வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவருக்கு ஒரு விளையாட்டைக் காட்டிவிட வேண்டும் என்று நான் இரண்டு வருசக் கெடுவோடு ஓடியிருக்கிறேன். அவர் அந்த விளையாட்டு முடியாமல் இருக்க வேண்டும் என்று, தெரியாத நுரைக்கும் தெரியாத நீலத்துக்கும் ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு திருத்தம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நீலம் இன்னும் கொஞ்சம் இருட்டாக இருக்க வேணும் என்று அவர் ஒருமுறை சொன்னதற்காக நான் மூன்று நாள் மினக்கெட்டேன்.

அந்தக் கிழமை வவுனியாவில் எப்படிப் போனதென்று எனக்கு ஞாபகமில்லை. கணினியைத் திறக்கவில்லை. அலுவலகத்தில் இரண்டு பேரின் சம்பளத்தை மாற்றிப் பதிந்து ஏச்சு வாங்கினேன். சனிக்கிழமை பின்னேரம், பிள்ளைகளின் உடுப்பை மடித்துக்கொண்டிருக்கும்போது, நாளைக்கு எதைக் கொண்டுபோவது என்று யோசித்தேன். திருத்துவதற்கு ஒன்றுமில்லை. காட்டுவதற்கும் ஒன்றுமில்லை.

ஞாயிறு முதல் பஸ்ஸில் ஏறினேன்.

படலை திறக்கிற சத்தத்திலேயே நான்தான் என்று கண்டுபிடித்திருக்க வேண்டும். அண்ணா கதிரையை விட்டு எழும்பினார். கையை நீட்டினார், கசற்றுக்காக.

"இண்டைக்கு என்ன கொண்டுவந்தனீ?"

"ஒண்டும் கொண்டரேல்லை அண்ணா," என்றேன். "சும்மாதான் வந்தனான்."

நீட்டிய கை அப்படியே நின்றது. நான் போய் அதைப் பிடித்துக்கொண்டேன்.